உயர்வலிமை கியூடி எஃகுக்கு வெல்டிங் செயல்முறை வகுப்பது எப்படி?

காவிரிப் படுகையில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் டிராக்டர் டிரெய்லர், கேஜ் வீல், டிப்பர் தொட்டி என்று வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி ஐஎஸ் 2062 இ250 வகைச் சாதாரண எஃகில் செய்யப்படுபவை. அந்த எஃகு பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஜேசிபியையும் அறுவடை இயந்திரத்தையும் ஏற்றிச் செல்லும் லோ-பெட் டிரெய்லருக்கோ, கிரேன் பூமுக்கோ எஸ்690க்யூஎல் போன்ற பிளேட் ஒரு நாள் பட்டறைக்கு வந்து இறங்கும்போது, பழைய பழக்கத்தில் வேலையைத் தொடங்கினால் பிளேட்டின் விலையும் உழைப்பும் சேர்ந்தே வீணாகும். அந்த நாளை முதன்முறையாகச் சந்திக்கும் பட்டறைப் பொறியாளருக்கும், தர ஆய்வுக்குப் புதிதாக வந்திருப்பவருக்கும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

இ250 எஃகின் ஈல்டு வலிமை, அதாவது அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, 250 மெகாபாஸ்கல். எஸ்690க்யூஎல் எஃகில் 50 மி.மீ. கனம் வரை அது குறைந்தது 690. அமெரிக்கத் தரத்தில் ஏ514 ஏறத்தாழ இதே வலிமை கொண்டது. இந்த வலிமை கலவையால் மட்டும் வருவதன்று. ஆலையில் பிளேட்டை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர வைத்து, பிறகு 600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் டெம்பர் செய்கிறார்கள். குவென்ச், டெம்பர் என்னும் இந்த இரண்டு வேலைகளை வைத்தே பட்டறைகளில் இதைக் கியூடி பிளேட் என்கிறார்கள். நாம் ஆர்க்கைப் பற்றவைக்கும் இடத்தில் ஆலை செய்த அந்த வெப்பப் பக்குவம் கலைகிறது. அந்த இடம் மிக வேகமாகக் குளிர்ந்தால் கடினமாகி, ஹைட்ரஜனோடு சேர்ந்து வெடிப்பு, அதாவது விரிசல், விடும். மிக மெதுவாகக் குளிர்ந்தால் வலிமையும் மோதலைத் தாங்கும் திறனும் குறையும். செயல்முறை வகுப்பது என்பது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் வேலை செய்யக்கூடிய ஓர் இடைவெளியைக் கணக்கால் கண்டு, சோதனையால் நிரூபித்து, வெல்டர் கையில் கொடுக்கும் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெல்டாவில் வகுக்கும் செயல்முறையைச் சித்திரை மாத வறண்ட காற்றுக்கு வகுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு வகுக்க வேண்டும். பல பட்டறைகளில் சோதனைத் துண்டு வெயில் காலத்தில் பற்றவைக்கப்பட்டு வெற்றி பெறுகிறது. உண்மையான வேலையோ அடைமழையில் நடக்கிறது. ஏன் இது ஆபத்து என்பது கணக்கைப் பார்க்கும்போது விளங்கும்.

மில் சர்ட்டிபிகேட்டிலிருந்து தொடங்குங்கள்

பிளேட்டின் மீது பதித்திருக்கும் ஹீட் எண்ணும் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) ஆலைச் சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணும் ஒன்றுதானா என்று நேரில் பார்த்த பிறகுதான் மற்ற எதுவும். பிளேட்டை வெட்டிய பின் மீதித் துண்டிலும் அந்த எண்ணைப் பதித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தத் துண்டு சாதாரண எஃகுக் குவியலில் கலந்துவிடும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சான்றிதழில் உள்ள வேதிக்கலவையைக் கொண்டு கார்பன் சமானத்தை, அதாவது வெல்டிங்கில் எஃகு எவ்வளவு எளிதில் கடினமாகும் என்பதைக் காட்டும் எண்ணை, கணக்கிட வேண்டும். பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படுவது சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் சூத்திரம். இந்த வகை எஃகுக்கு ஈஎன் 1011-2 தரநூலின் இரண்டாவது முறையில் வரும் சிஇடி என்னும் சமானம் கூடுதலாகப் பயன்படும்: கார்பன் + (மாங்கனீசு + மாலிப்டினம்)/10 + (குரோமியம் + காப்பர்)/20 + நிக்கல்/40. எடுத்துக்காட்டாக, கார்பன் 0.16, மாங்கனீசு 1.30, மாலிப்டினம் 0.20, குரோமியம் 0.30, காப்பர் 0.02, நிக்கல் 0.10 விழுக்காடு உள்ள பிளேட்டுக்குச் சிஇடி 0.33 வரும். கனம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்தப் பிளேட்டைப் பற்றியவை. உங்கள் பிளேட்டின் எண்களை உங்கள் சான்றிதழிலிருந்துதான் எடுக்க வேண்டும், இங்கிருந்து எடுக்கக் கூடாது.

எந்த ராடு, எங்கே

பிளேட்டின் முழு வலிமையும் இணைப்பிலும் வேண்டும் என்றால் கையால் வெல்டிங் செய்ய இ11018-எம் வகை ராடும், காஸ் வெல்டிங்குக்கு (வாயுக் கவசத்தில் கம்பியை ஊட்டிச் செய்யும் ஆர்க் வெல்டிங்) அதற்கு இணையான வலிமையுள்ள கம்பியும் தேவை. ஆனால் எல்லா இணைப்புக்கும் முழு வலிமை தேவைப்படுவதில்லை. இரண்டு பிளேட்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இழுவிசையை நேரடியாகத் தாங்கும் பட் ஜாயிண்ட் வேறு. வெறுமனே விலா எலும்பாக நிற்கும் ஸ்டிஃப்னரின் மூலையில் போடும் ஃபில்லெட் வேறு. பின்னதற்கு இ7018 போதும் என்று வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டால் அதுவே நல்லது. மென்மையான வெல்டு மெட்டல் சற்று இளகிக்கொடுப்பதால் வெடிப்பு அபாயம் குறைகிறது. பட் ஜாயிண்டில்கூட ரூட் ரன்னை, அதாவது அடியில் போடும் முதல் வெல்டு வரிசையை, மென்மையான ராடால் போட்டு, மேல் ரன்களை வலிமையான ராடால் நிரப்பும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்வதானால் சோதனைத் துண்டிலும் அப்படியே செய்ய வேண்டும். இந்த முடிவை வடிவமைப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வலிமை கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் வெல்டு மெட்டலுக்குப் பொருந்தாது.

6013 போன்ற ரூட்டைல் ராடுகளை இந்தப் பிளேட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. பாகங்களைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டான டேக் போடுவதற்கும் கூடாது. தற்காலிகக் கிளிப் ஒட்டுவதற்கும் கூடாது.

ஈரமும் பிரீஹீட்டும்

ஹைட்ரஜன் வெடிப்புக்கு மூன்று பொருள்கள் ஒன்றாகக் கூட வேண்டும்: ஹைட்ரஜன், கடினமான உள்ளமைப்பு, இழுவிசை. கியூடி எஃகில் பின்னிரண்டும் ஏறத்தாழ எப்போதும் இருக்கும். நம் கையில் இருப்பது முதலாவது மட்டும்தான். ராடின் பூச்சில் ஏறிய ஈரம், பள்ளத்தில் கிடக்கும் துரு, எண்ணெய், பெயிண்ட், பிளேட்டின் மீது படிந்த பனி ஆகிய எல்லாம் ஆர்க்கில் சிதைந்து ஹைட்ரஜனாக உலோகத்துக்குள் போகின்றன.

மேலே சொன்ன 20 மி.மீ. பிளேட்டுக்கு, ஒரு மி.மீ. நீளத்துக்கு 1.2 கிலோஜூல் வெப்பம் கொடுப்பதாக வைத்து ஈஎன் 1011-2 முறைப்படி கணக்கிட்டால், 100 கிராம் வெல்டு மெட்டலில் 5 மி.லி. ஹைட்ரஜன் இருக்கும்போது தேவைப்படும் பிரீஹீட், அதாவது வெல்டிங்குக்கு முன் பிளேட்டைச் சூடாக்கும் வெப்பநிலை, சுமார் 76 டிகிரி. அதே ராடு ஈரம் குடித்து அந்த அளவு 10 மி.லி. ஆகிவிட்டால் தேவை சுமார் 106 டிகிரி. பிளேட் மாறவில்லை, வெல்டர் மாறவில்லை, கரண்ட் மாறவில்லை. பூச்சில் ஏறிய ஈரம் மட்டும் 30 டிகிரியைக் கூட்டிவிட்டது. வெயில் காலத்தில் 80 டிகிரி பிரீஹீட்டோடு வெற்றிபெற்ற சோதனைத் துண்டு, வடகிழக்குப் பருவமழையில் நாகப்பட்டினம் கடற்கரையோரப் பட்டறையில் திறந்து வைத்த ராடுக்கு எந்த உத்தரவாதமும் தராது. எனவே இந்தப் பிளேட்டுக்கு நான் குறைந்த அளவாக 120 டிகிரியை எழுதுவேன். கூட்டி எழுதுவதிலும் ஓர் எல்லை உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

பிரீஹீட்டைக் கூட்டுவது ராடைக் கவனிக்காமல் விடுவதற்கான அனுமதியன்று. ராடு தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேக்கிங் வெப்பமும் நேரமும்தான் விதி. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 நூல், இ11018 உள்ளிட்ட குறைந்த உலோகக்கலவை ராடுகளுக்கு 370 முதல் 430 டிகிரியில் ஒரு மணி நேரம் என்கிறது. பேக் செய்தவற்றை 120 டிகிரி ஹோல்டிங் ஊவனில் வைத்து, வெல்டருக்குச் சூடான போர்ட்டபிள் ஊவனில் கொடுக்க வேண்டும். அதே நூலின்படி இ7018 ராடு வெளியே நான்கு மணி நேரம் இருக்கலாம். இ11018 ராடு வெளியே இருக்கக்கூடியது அரை மணி நேரம்தான். இந்த வேறுபாடு தெரியாமல், இரண்டு வகை ராடுகளையும் ஒரே கட்டாக வெல்டரின் காலடியில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அரை மணிக்கு எத்தனை ராடு எரியுமோ அத்தனை மட்டும் கொடுங்கள். ஒருமுறை மறு பேக்கிங் செய்த ராடு மீண்டும் ஈரமானால் அதை ஒதுக்கிவிடுங்கள். பிறகு அது சாதாரண வேலைக்குத் திரும்பி வரும் வழியையும் அடைத்துவிட வேண்டும்.

காஸ் வெல்டிங்கில் ராடு ஊவன் தொல்லை இல்லை என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள். உண்மையில் அது நல்ல தேர்வுதான். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் ஆர்கான் வாயு எம்மாத்திரம்? மணிக்கு 8 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று வீசினால் டி1.1 நூல் காஸ் வெல்டிங்கை அனுமதிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திருச்சி வரை வீசும் ஆனி, ஆடி மாதங்களில், பக்கவாட்டுத் தடுப்பு இல்லாத ஷெட்டில் இந்த முறையை எழுதிக் கொடுப்பது ஏட்டளவில்தான் நிற்கும்.

வெப்ப அளவு என்னும் மேல் எல்லை

ஒரு மி.மீ. நீளத்தில் இறங்கும் வெப்பத்தை இப்படிக் கணக்கிடுகிறோம்: வோல்ட் × ஆம்பியர் × 60 ÷ (1000 × நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்வு). கை வெல்டிங்குக்கும் காஸ் வெல்டிங்குக்கும் இதை 0.8 ஆல் பெருக்க வேண்டும். 4 மி.மீ. ராடு, 24 வோல்ட், 160 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மி.மீ. நகர்வு என்றால் 1.23 கிலோஜூல் வரும்.

800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்குக் குளிர ஆகும் நேரமே உள்ளமைப்பைத் தீர்மானிக்கிறது. நம் பிளேட்டில், 120 டிகிரி பிரீஹீட்டில், இந்த 1.23 கிலோஜூலுக்கு அது ஏறத்தாழ 9 நொடி. ரன்களுக்கு இடைப்பட்ட வெப்பம் 200 டிகிரியாக ஏறியிருக்கும்போது 12 நொடி. இந்த வலிமை வகுப்புக்கு 5 முதல் 20 நொடி வரை என்பது பாதுகாப்பான இடம். பிளேட் ஆலை தரும் எல்லை இதைவிடக் குறுகலாக இருந்தால் அதுவே முடிவு. இப்போது வெல்டர் பழக்கதோஷத்தில் அகலமாக நெய்து, நிமிடத்துக்கு 80 மி.மீ. வேகத்தில் மட்டும் நகர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் எந்த எண்ணும் மாறவில்லை. வெப்ப அளவோ 2.3 கிலோஜூல் ஆகிவிட்டது; 200 டிகிரிப் பிளேட்டில் குளிரும் நேரம் 30 நொடியைத் தாண்டிவிட்டது. வெல்டு பார்க்க அழகாக, அகலமாக, மீன்செதில் போலப் படிந்திருக்கும். மோதலைத் தாங்கும் திறனை அளக்கும் சார்பி சோதனையில் விழும். ஆகவே நெய்யாமல் நேர்கோட்டில் போடும் ஸ்ட்ரிங்கர் ரன் என்று செயல்முறையில் எழுதி, வெல்டருக்குக் காரணத்தையும் சொல்லுங்கள். நல்ல வெல்டருக்குக் காரணம் சொன்னால் கை தானாக மாறும்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்தின் ஓரத்தில் சாக்பீஸால் 150 மி.மீ. குறித்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை ஓட விட்டால் போதும். ஒரு நிமிடத்துக்குக் கூடுதலாக ஆனால் வெல்டர் மெதுவாகப் போகிறார். வோல்ட்டை மெஷினின் காட்சித் திரையில் படிக்காமல், ஹோல்டருக்கு அருகில் வோல்ட்மீட்டர் வைத்துப் படியுங்கள், ஏனென்றால் நீண்ட கேபிளில் கணிசமாகக் குறையும். நடவுக் காலத்தில் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் லைனில் இருக்கும் கிராமப்புறப் பட்டறைகளில் காலையில் எடுத்த அளவு மாலையில் பொருந்துவதில்லை.

பிரீஹீட்டை அளவுக்கு மீறிக் கூட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ரன்களுக்கு இடைப்பட்ட வெப்பத்துக்கு 200 டிகிரி என்று மேல்வரம்பு எழுதினால், 120க்கும் 200க்கும் நடுவில் வெல்டருக்குப் போதிய இடம் கிடைக்கிறது. 180 பிரீஹீட், 200 மேல்வரம்பு என்று எழுதினால் அவர் ஒவ்வொரு ரன்னுக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், காத்திருக்க மாட்டார்.

சோதனைத் துண்டு

மேற்கண்ட எண்களையெல்லாம் முதல்நிலைச் செயல்முறைக் குறிப்பாக எழுதிக்கொண்டு, ஐஎஸ்ஓ 15614-1 அல்லது வாடிக்கையாளர் கேட்கும் தரநூலின்படி சோதனைத் துண்டைப் பற்றவைக்க வேண்டும். ஐஎஸ்ஓ முறையில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 150 மி.மீ. அகலம், 350 மி.மீ. நீளம் வேண்டும், சார்பித் துண்டுகளும் மறுசோதனைத் துண்டுகளும் எடுக்க வேண்டியிருப்பதால் 500 மி.மீ. நீளம் எடுப்பது புத்திசாலித்தனம்.

காஸ் கட்டிங்கில் வெட்டிய ஓரம் கடினமாகியிருக்கும். பளபளப்பான உலோகம் தெரியும் வரை கிரைண்ட் செய்து கடினமான அடுக்கை நீக்குங்கள். டேக்கும் முழு பிரீஹீட்டில்தான் போட வேண்டும், குறைந்தது 50 மி.மீ. நீளத்துக்கு. சாதாரண எஃகில் பொட்டு வைப்பதுபோல் வைக்கும் டேக்கில்தான் முதல் வெடிப்பு பிறக்கும். பள்ளத்துக்கு வெளியே ஆர்க் தட்டுவதும் அப்படித்தான்: அந்தப் புள்ளி கடுகளவு இருந்தாலும் கண்ணாடிபோல் கடினமாகி நிற்கும்.

எல்பிஜி பர்னரை முதலில் குளிர்ந்த பிளேட்டில் காட்டும்போது சுடர் பட்ட இடத்தைச் சுற்றி வியர்வைபோல் நீர் படியும். அது பிளேட்டுக்குள்ளிருந்து வருவதன்று, எரியும் வாயுவில் உண்டாகும் நீராவி குளிர்ந்து படிவது. அது முழுவதும் காய்ந்து, இணைப்பின் இருபுறமும் 75 மி.மீ. அகலத்துக்கு வெப்பம் சமமாகப் பரவும் வரை சூடாக்க வேண்டும். வெப்பத்தைச் சுடர் படும் முகத்தில் அளக்காமல், மறுமுகத்தில் வெப்பநிலைச் சாக்கோ தொடு வெப்பமானியோ கொண்டு அளக்க வேண்டும். கட்டிங் டார்ச்சால் ஓரிடத்தில் குவித்துச் சூடாக்குவது பிரீஹீட் ஆகாது.

ஒவ்வொரு ரன்னுக்கும் ராடு அளவு, ஆம்பியர், வோல்ட், நேரம், நீளம், தொடக்க வெப்பம் ஆகியவற்றை அப்போதே எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்பிய பதிவைத் தேர்ந்த ஆய்வாளர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

முடிந்ததும் இணைப்பை உடனே ஆற விடாமல், செராமிக் போர்வையால் மூடி மெதுவாக ஆற விடுங்கள். கனம் கூடிய பிளேட்டிலும் இறுக்கமாகப் பிடித்த இணைப்பிலும் 200 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். ஆனால் 600 டிகிரியில் செய்யும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் வேறு. கொதிகலன் வேலையில் பழகிய திருச்சிக்காரர்கள் கேட்காமலேயே அதைச் செயல்முறையில் எழுதிவிடுகிறார்கள். இந்த எஃகில் அந்த வெப்பம் ஆலை டெம்பர் செய்த வெப்பத்தைத் தொட்டால் வலிமை போகும். சில கலவைகளில் சூடாக்கும்போதே வெடிப்பும் வரும். ஆலையின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் அதைத் தவிர்க்க வேண்டும்.

48 மணி நேரமும் அதன் பிறகும்

ஹைட்ரஜன் வெடிப்பு தாமதமாக வருவது. வெல்டிங் முடிந்த அன்று டிபி சோதனையில் (சாயத்தால் மேற்பரப்பு வெடிப்பைக் காட்டும் சோதனை) சுத்தமாக இருந்த இணைப்பில் மறுநாள் வெடிப்பு தெரியலாம். ஏ514 வகைக்கு டி1.1 நூல் 48 மணி நேரம் கழித்தே ஏற்புச் சோதனை செய்ய வேண்டும் என்கிறது. அனுப்பும் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த 48 மணி நேரம்தான் என்பதால், அதை வேலை அட்டவணையில் தனி வரியாகவே எழுதிவிடுவது நல்லது.

பிறகு முழு நீளத்துக்கும் அல்ட்ராசானிக் அல்லது ரேடியோகிராபி, மேற்பரப்பு வெடிப்புச் சோதனை. அதன்பின் துண்டுகளை வெட்டி இரண்டு இழுவிசை, நான்கு வளைவு, வெல்டு மெட்டலிலும் வெப்பம் தாக்கிய பகுதியிலும் சார்பி, மேக்ரோ, கடினத்தன்மை என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எஸ்690க்யூஎல் பிளேட்டுக்கு மைனஸ் 40 டிகிரியில் 30 ஜூல் என்பது ஆலையின் உத்தரவாதம். நம் ஊரில் வண்டி ஒருநாளும் அந்தக் குளிரைப் பார்க்கப் போவதில்லை என்பதால், இணைப்புக்கு எந்த வெப்பநிலையில் சோதனை என்பதை வாடிக்கையாளரோடு முன்பே பேசி எழுதிக்கொள்ளலாம். கடினத்தன்மை இந்த எஃகுக் குழுவுக்கு, வெல்டிங்குக்குப் பின் வெப்பப் பக்குவம் செய்யாத நிலையில், 450 விக்கர்ஸைத் தாண்டக் கூடாது. சாதாரண எஃகுக்கான 380 எல்லையை வைத்து இதை நிராகரிக்கும் அறிக்கைகளையும் பார்க்க நேரும்.

வளைவுச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண எஃகுக்குத் துண்டின் கனத்தைப்போல் நான்கு மடங்கு விட்டமுள்ள ஃபார்மரில், அதாவது வளைக்கும் உருளையில், வளைக்கிறார்கள். எஸ்690க்யூஎல் பிளேட்டின் நீட்சி 14 விழுக்காடு மட்டுமே. 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஃபார்மர் விட்டத்தை, 100 மடங்கு கனத்தை நீட்சியால் வகுத்து அதிலிருந்து கனத்தைக் கழித்துப் பெற வேண்டும். 10 மி.மீ. துண்டுக்கு அது சுமார் 61 மி.மீ. இதைச் சொல்லாமல் அனுப்பினால் ஆய்வுக்கூடம் பழக்கப்படி 40 மி.மீ. ஃபார்மரை மாட்டும், நல்ல வெல்டும் முறியும். துண்டோடு போகும் கடிதத்திலேயே ஃபார்மர் அளவைக் குறிப்பிடுங்கள்.

எல்லாம் தேறினால் அந்தப் பதிவே பிக்யூஆர், அதாவது செயல்முறை தேறியதற்கான பதிவு. அதிலிருந்து பட்டறைக்கான டபிள்யூபிஎஸ், அதாவது வெல்டிங் செயல்முறைக் குறிப்பு, எழுதப்படுகிறது. 20 மி.மீ. துண்டு பல ரன்களில் தேறினால் ஐஎஸ்ஓ முறையில் 10 முதல் 40 மி.மீ. வரை செல்லும், மோதல் சோதனை தேவைப்படும் வேலையில் வெப்ப அளவு தேறியதைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் கூடக் கூடாது. கனம் 40 மி.மீ. வரை செல்லும் என்பதற்காக 20 மி.மீ.க்குக் கண்ட பிரீஹீட்டை 40க்கும் அப்படியே எழுதக் கூடாது. நம் பிளேட்டின் கலவையிலேயே கனம் இரட்டித்தால் கணக்கில் சுமார் 48 டிகிரி கூடுகிறது. ஒவ்வொரு புது ஹீட்டுக்கும் சிஇடியைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

வெல்டர் நிற்கும் இடத்தில் ஒட்டும் தாள் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: ராடின் பெயர், வெளியே வைக்கும் நேரம், பிரீஹீட் 120, மேல்வரம்பு 200, 150 மி.மீ.க்கு ஒரு நிமிடம், நெய்யக் கூடாது. கடைசி வரியாக மின்வெட்டுக்கும் ஓர் ஏற்பாடு எழுதுங்கள். கரண்ட் போனதும் இணைப்பைப் போர்வையால் மூடி, எல்பிஜி பர்னரால் 120 டிகிரிக்குக் குறையாமல் காக்க வேண்டும். பள்ளத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாத நிலையில் குளிர்ந்துவிட்டால், டிபி சோதனை செய்து வெடிப்பில்லை என்று உறுதிசெய்த பிறகே மறுபடி சூடாக்கித் தொடர வேண்டும். ராடு ஊவனும் அதே கரண்டில்தான் ஓடுகிறது என்பதால், ஊவன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, அப்போது உள்ளே என்ன வெப்பம் இருந்தது என்பதை ஊவன் பதிவேட்டில் குறித்து, 120 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த ராடுகளை மறு பேக்கிங்குக்கு அனுப்புங்கள்.